மகளின் துவக்கும் விரியாத ரவையும்

கடந்த ஒரு வருடமாக எங்கட வீட்டில் அதிகம் கதைபட்ட விஷயம் பல்கலைக்கழகமும் இல்லை, வீட்டுக் கடனும் இல்லை. ‘சொலிட்’ என்று சொல்லப்படும் ஒரு வகைத் துவக்கு ரவை. யானை, காட்டெருமை, நீர்யானை மாதிரிப் பெரிய, ஆபத்தான மிருகங்களுக்கு முன்னால் நிற்கிறவர்கள் தங்கட ரைஃபிளில் எதைப் போட்டுக்கொண்டு போக வேணும் என்ற கேள்வி. லண்டனில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் ஞாயிற்றுக்கிழமை நீச்சல் வகுப்புக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பழகின குடும்பத்துக்கு இது என்னத்துக்கு என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் மகள். 19 வயதில் தென்னாபிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்துக்குப் போய், காட்டு வழிகாட்டி ஆகிறதுக்கு ஒரு வருடப் பயிற்சியில் சேர்ந்தாள். முதல் மாதங்கள் எல்லாம் எனக்குச் சந்தோசமான மாதங்கள். காலடித் தடம், பறவைக் குரல், மரத்தின் பட்டை, இரவில் நட்சத்திரம் என்று ஒவ்வொரு கிழமையும் ஒன்று சொல்லுவாள். ஜீப்பில் இருந்து சிங்கத்தைக் காட்டுறதுக்கு இது போதும். ஆனால் அவளுக்கு வேண்டியது விருந்தினரை நடத்திக் கூட்டிக்கொண்டு போகிற வேலை. அங்கே பெரிய மிருகங்கள் இருக்கிற காட்டுக்குள் கால்நடையாகப் போகும் குழுவுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி, அவருக்குத் துணையாக இன்னொருவர். இருவர் கையிலும் ரைஃபிள் இருக்கும். அந்த இரண்டாவது ஆளாக வரவேணும் என்றால் ரைஃபிள் சோதனையில் தேற வேணும்.

இதை வட்ஸ்அப்பில் கேட்ட என்ட அம்மா, அதாவது அவளின் அம்மம்மா, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டார்: “நாங்கள் துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே பிள்ளை இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ ஏன் அதைத் தேடிப் போய்ப் பிடிக்கிறாய்?”

1985இல் எனக்கு ஒன்பது வயது. நாங்கள் வெளிக்கிட்ட காரணத்தை நான் இங்கே விளக்கத் தேவையில்லை. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற பல வீடுகளில் அந்தக் கதை இருக்கு. எங்கட மாமாவின் தொடையில் ரவை ஒன்று இந்தப் பக்கத்தால் போய் அந்தப் பக்கத்தால் வந்த தழும்பு இருக்கு. சின்ன வயதில் நாங்கள் அதைத் தொட்டுப் பார்ப்போம். ஆகவே அம்மாவின் கேள்வி வெறும் பயம் இல்லை. அதற்கு ஒரு சரியான பதில் வேணும். “எல்லாம் பாதுகாப்பாத்தான் செய்வினம் அம்மம்மா” என்ற பதில் காணாது என்று மகளுக்கும் தெரியும். அதனால்தான் அவள் ரவையில் இருந்து தொடங்கினாள்.

விரிகிறது ஒன்று, விரியாதது ஒன்று

முதலில் சொற்கள். தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளைக் கோது, அதுக்குள் வெடிமருந்து, மேலே ரவை. சுட்டதும் பறந்து போகிறது ரவை மட்டும்தான். (உப்புமா ரவை இல்லை. என்ட சின்ன மகன் இதைக் கேட்டுச் சிரித்தபடியால் சொல்லி வைக்கிறன்.)

வேட்டை ரவையில் இரண்டு பெரிய பிரிவு. ஒன்று ‘சொஃப்ட்’. உள்ளே ஈயம், வெளியே செம்புத் தோல், நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் நுனி காளான் மாதிரி விரியும். விட்டம் இரண்டு மடங்கு வரை பெருக்கும். காயம் அகலமாக இருக்கும், ஆனால் ரவை கெதியாக வேகம் இழந்து உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். மான் வகைகளுக்கும், சிங்கம் சிறுத்தை போன்றவைக்கும் இதுதான் பொருத்தம். அவற்றின் தோலும் எலும்பும் மெல்லியவை. உயிர் உறுப்புகள் வெளிப்பக்கத்துக்குக் கிட்ட இருக்கு.

மற்றது ‘சொலிட்’. இது விரியக் கூடாது, வளையக் கூடாது, உடையக் கூடாது. என்ன எலும்பில் பட்டாலும் போன வடிவத்திலேயே, போன திசையிலேயே, ஆழமாகப் போய்க்கொண்டிருக்க வேணும்.

ஏன் அந்த ஆழம் தேவை? யானையின் தலையைப் பார்த்தால் நெற்றி முழுக்க மூளை என்று தோன்றும். உண்மையில் முன்பக்க எலும்பு தேன்கூடு மாதிரிக் காற்றறைகள் நிறைந்த தடித்த அமைப்பு. அவ்வளவு பெரிய தலைக்கு லேசான எலும்பு வேணும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. ஏறத்தாழ 5 கிலோ மூளை, அதற்கெல்லாம் பின்னால், காது மட்டத்துக்குக் கிட்ட, தாழ இருக்கு. யானை தலையைத் தூக்கினால் ஒரு கோணம், தாழ்த்தினால் வேறு கோணம். முன்னால் இருந்து சுடுகிற ரவை தும்பிக்கையின் தசையையும் அந்த எலும்புக் கூட்டையும் கடந்து போக வேணும். விரிகிற ரவை அந்த வழியின் நடுவிலேயே நின்றுவிடும். யானை சாகாது. காயத்தோடு, வலியோடு, கோபத்தோடு இருக்கும்.

காட்டெருமைக்கு வேறு பிரச்சினை. ஒரு பெரிய ஆண் 700 கிலோவுக்கு மேல் இருக்கும். கொம்புகள் இரண்டும் நெற்றியில் ஒன்றாகச் சேர்ந்து கவசம் மாதிரி மூடியிருக்கும். தலையை நிமிர்த்திக்கொண்டு நேரே வரும்போது அந்தக் கவசத்துக்குக் கீழே மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் பாதை. காயம்பட்டுத் திரும்பி ஓடுகிறது என்றால், பின்னால் இருந்து போகும் ரவை இரைப்பையைக் கடந்துதான் நெஞ்சுக்குப் போக முடியும். அந்த இரைப்பை முழுக்க ஈரப் புல். ஈரப் புல் மூட்டை ரவையை நிறுத்துகிற அளவுக்கு வேறு எதுவும் நிறுத்தாது என்று மகளின் பயிற்றுநர் சொன்னாராம். அவர் முன்பு வேட்டைக்காரருக்கு வழிகாட்டியாக இருந்தவர்.

மாமாவின் தழும்பு

இந்த இடத்தில் அம்மா ஒரு கேள்வி கேட்டார். “அப்ப உன்ட மாமாவுக்குப் பட்டது எது?”

மகளுக்கு அது தெரிந்திருந்தது. இராணுவ ரைஃபிள்களின் ரவை பொதுவாக முழுதும் உலோகத் தோல் மூடியது, விரியாத வகை. அதற்கு ஒரு வரலாறு இருக்கு. 1890களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருந்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பிரித்தானியர்கள் நுனி விரிகிற ரவை செய்தார்கள். ‘டம்டம் ரவை’ என்ற பேர் அங்கிருந்து வந்ததுதான். மனித உடம்பில் அது செய்த காயத்தைப் பார்த்து எதிர்ப்பு எழும்பி, 1899இல் ஹேக் மாநாட்டில் போரில் விரியும் ரவை பாவிக்கக் கூடாது என்று ஒரு பிரகடனம் வந்தது. மாமாவின் தொடையில் ரவை உள்ளே போய் வெளியே வந்ததற்கும், கால் மிஞ்சினதற்கும் அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மனிதருக்கு விரியாத ரவை கொடுமை குறைந்தது என்று உலகம் முடிவு செய்தது. வேட்டையில் மானுக்கு விரியாத ரவையைப் பாவித்தால் அது கொடுமை. ஊடுருவிப் போய்விடும், மான் ஓடிப்போய் எங்கேயோ பல மணித்தியாலம் கிடந்து சாகும். யானைக்கோ விரிகிற ரவைதான் கொடுமை. ஒரே உலோகம்தான், ஆனால் எந்த உடம்புக்கு முன்னால் நிற்கிறாய் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுது. இதை மகள் விளக்கினபோது அம்மா தலையாட்டினார். ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டன். ஆனால் அதுக்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன.

பழைய ஆட்கள் பட்ட பாடு

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலோகத் தோல் போட்ட ரவையே இல்லை. வெறும் ஈய உருண்டைதான். ஈயம் மெத்து. பெரிய எலும்பில் பட்டால் சப்பளிந்து போகும். இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் யானை சுட்ட வெள்ளைக்காரர்கள் இதற்கு இரண்டு வழி பார்த்தார்கள். ஒன்று, ஈயத்தோடு வேறு உலோகம் கலந்து இறுக்கினார்கள். மற்றது, துவக்கையே பீரங்கி மாதிரிப் பெருப்பித்தார்கள். ‘நாலு போர்’ என்ற துவக்கின் பேரே, ஒரு இறாத்தல் ஈயத்தில் நாலு உருண்டை என்ற கணக்கில் வந்தது. ஒரு உருண்டை 113 கிராம். சுடுகிறவரின் தோளையும் பதம் பார்க்கிற அளவு.

புகையில்லா வெடிமருந்தும் உறுதியான உலோகத் தோலும் வந்த பிறகு எல்லாம் மாறினது. இங்கே ஒரு பேரைத் தவிர்க்க முடியாது: ‘கரமோஜோ’ பெல். ஸ்கொட்லாந்துக்காரர், 1880இல் பிறந்து 1954இல் இறந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பங்கு, வெறும் 7 மில்லிமீற்றர் விட்டமும் 11 கிராம் எடையும் கொண்ட சின்ன ரவையால். அது நீளமான, உருண்டை மூக்குள்ள, விரியாத ரவை. அவர் யானை மண்டையோட்டை வாளால் அறுத்து மூளை எங்கே இருக்கு என்று படித்தவர்.

இன்று நினைக்கும்போது அந்த எண்ணிக்கை வயிற்றைக் கலக்குது. தந்தத்துக்காக நடந்த கொலை அது. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை, மகளுக்கும் இல்லை. ஆனால் ரவையைப் பற்றி அவர் காட்டின இரண்டு விஷயம் இன்றும் நிற்குது. விட்டத்தைவிட, நேராக ஆழமாகப் போகிற தன்மை முக்கியம். அதைவிட முக்கியம், எங்கே படுகிறது என்பது. பெல் சுட்டது பெரும்பாலும் தன்னைக் கவனிக்காமல் நின்ற யானைகளை. பாய்ந்து வரும் யானைக்கு முன்னால் விருந்தினரை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு அந்தச் சின்ன ரவை காணாது. அதனால்தான் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஆபத்தான பெரிய மிருகங்களுக்கு .375 என்ற அளவு, அதாவது 9.5 மில்லிமீற்றர், குறைந்தபட்சம் என்று வைத்திருக்கிறார்கள்.

எப்படித் தெரிவு செய்கிறது

மகள் பயிற்சி எடுத்தது .375 ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் என்ற ரைஃபிளில். 1912இல் வந்த அளவு, இன்றும் ஓடுது. அதன் வழமையான ரவை 300 கிரெய்ன். கிராமில் 19.4. எங்கட கணக்கில் ஏறத்தாழ இரண்டரைப் பவுண். அம்மாவுக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினோம்: ஒரு கனமான சங்கிலியின் நிறை, ஒரு செக்கனுக்கு 760 மீற்றர் வேகத்தில் போகுது. இன்னும் பெரிய .458 அளவில் 500 கிரெய்ன், அதாவது நாலு பவுண். ஆனால் வேகம் குறைவு, 640 மீற்றர் அளவில். .458 கூட இடிக்கும், தோளையும் கூட உதைக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவருக்குப் பெரிய அளவால் பிரயோசனம் இல்லை. மகளின் உடம்புக்கு .375தான் சரி என்று பயிற்றுநரும் சொன்னார், அவளும் சொன்னாள்.

அளவு முடிவானால் அடுத்தது ரவை. ‘சொலிட்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் எல்லாம் ஒன்று இல்லை. அவள் பார்க்கப் பழகினவை இவை.

முதலாவது, என்ன உலோகம், எப்படிச் செய்தது. பழைய வகை, ஈயத்துக்கு மேல் உருக்கோ செம்போ மூடினது. தோல் மெல்லியதாக இருந்தால் பெரிய எலும்பில் பட்டு வளையும், நசியும், பின்பக்கத்தால் ஈயம் பிதுங்கும். வளைந்த ரவை நேரே போகாது. இப்போது அதிகம் பாவிக்கிறது ஒரே உலோகத்தில் கடைந்தெடுத்தது, பித்தளை அல்லது செம்புக் கலவை. அதற்குள் பிரிகிறதுக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் பித்தளை ஈயத்தைவிட லேசு. ஈயத்தின் அடர்த்தி 11.3, பித்தளைக்கு 8.5 அளவில். ஆகவே அதே நிறைக்கு ரவை நீளமாகும், கோதுக்குள் மருந்துக்கான இடத்தைப் பிடிக்கும். பித்தளை மெத்து இல்லாதபடியால் குழலுக்குள் அமுக்கமும் கூடலாம். இதற்காகத்தான் நல்ல ரவைகளில் சுற்றிவர வளையம் வளையமாகத் தவாளிப்பு வெட்டியிருக்கும். பழைய, மெல்லிய குழலுள்ள இரட்டைக்குழல் ரைஃபிள்களுக்கு இந்தக் கடின ரவை ஒத்துவருமா என்று துவக்குத் திருத்துகிறவரிடம் கேட்காமல் போடக் கூடாது.

இரண்டாவது, மூக்கின் வடிவம். எனக்குப் புதினமாக இருந்தது இதுதான். ஆழமாகப் போக வேணும் என்றால் ஊசி மாதிரிக் கூராக இருக்க வேணும் என்று யாரும் நினைப்பார்கள். நடக்கிறது மறுபக்கம். கூரான ரவையின் பாரம் பின்னுக்கு இருக்கு. காற்றில் சுழற்சி அதை நேராக வைத்திருக்கும். தசையோ காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. அதற்குள் சுழற்சி மட்டும் போதாது, ரவை குட்டிக்கரணம் போட்டுத் திசை மாறும். உருண்டை மூக்கு இதைவிட நல்லது. தட்டையாக வெட்டின மூக்கு இன்னும் நல்லது. தட்டை முகம் தசையையும் நீரையும் பக்கத்துக்குத் தள்ளிவிடும், ரவையின் உடம்பு அந்த இடைவெளிக்குள் உரசாமல் நேரே போகும்.

மூன்றாவது, விட்டத்துக்கு ஏற்ற பாரம். ஒரே விட்டத்தில் பாரம் கூடினால் நீளம் கூடும், தள்ளிக்கொண்டு போகும் பலமும் கூடும். .375க்கு லேசான ரவைகளும் விற்கிறார்கள், வேகமாகப் போகும். மானுக்கு அது நல்லது. யானைக்கு முன்னால் நிற்கிறவர் 300 கிரெய்னிலும் அதைச் சுற்றியும்தான் நிற்கிறார்.

நாலாவது, ரைஃபிள் அதை ஒழுங்காக விழுங்குதா. தட்டை மூக்கின் கரை, மகசினில் இருந்து அறைக்குள் ஏறும்போது சில ரைஃபிள்களில் கொளுவிக்கொள்ளும். திடலில் கொளுவினால் சிரிக்கலாம். காட்டெருமை மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் ஓடி வரும். 20 மீற்றர் தூரம் என்பது ஒன்றரைச் செக்கன். அந்த நேரம் கொளுவக் கூடாது. ஆகவே வாங்கின பெட்டியில் ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேணும்.

ஐந்தாவது, சொஃப்டும் சொலிடும் ஒரே இடத்தில் படுதா. ஒரே ரைஃபிளில், ஒரே குறியில், இரண்டு வகை ரவை இரண்டு இடத்தில் படலாம். இரண்டையும் கலந்து கொண்டுபோகிறவர் இரண்டையும் சுட்டுப் பார்த்துப் பொருந்துகிற சோடியைத் தேட வேணும்.

பின்னால் என்ன இருக்கு

கலந்து கொண்டுபோவது பற்றியும் ஒரு பழக்கம் இருக்கு. காட்டெருமை வேட்டைக்காரர் பலர் முதல் தோட்டாவாகத் தரமான சொஃப்ட் போடுவார்கள், அதற்கடுத்தவை எல்லாம் சொலிட். முதல் வெடி அமைதியாக நிற்கும் மிருகத்தின் பக்கவாட்டில். அதற்குப் பிறகு மிருகம் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

முதல் வெடிக்கு ஏன் சொலிட் இல்லை? அது ஒரு காட்டெருமையைக் கடந்து போய்ப் பின்னால் நிற்கும் இன்னொன்றில் பட்டுவிடும். கூட்டமாக நிற்கும் மிருகங்களுக்கு நடுவில் சொலிட் சுடுகிறவர் ஒன்றைக் கொன்று இன்னொன்றைக் காயப்படுத்துகிறார். காயம்பட்ட காட்டெருமை பற்றைக்குள் போய் நின்றால் அடுத்த நாள் அந்தப் பக்கம் விறகுக்கு வருகிற ஆளுக்கும் ஆபத்து.

நடை வழிகாட்டிகளின் கணக்கு வேறு. அவர்கள் சுடப் போகிறவர்கள் இல்லை. சுட வேண்டி வந்தால் அது மிகக் கிட்ட, நேருக்கு நேர், யானையோ காட்டெருமையோ நீர்யானையோ எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரம் ரவையை மாற்ற முடியாது. ஆகவே மகள் பயிற்சி எடுத்த இடத்தில் மகசின் முழுக்கச் சொலிட்தான். சிங்கத்துக்கு அது மிகப் பொருத்தமான ரவை இல்லை, ஆனால் சரியான இடத்தில் பட்டால் வேலை செய்யும். யானைக்குச் சொஃப்ட் எந்த இடத்தில் பட்டாலும் நம்ப முடியாது. இரண்டில் எந்தப் பிழை தாங்கக்கூடியது என்று யோசித்து எடுத்த முடிவு அது.

ஊடுருவிப் போகிற ரவை என்றபடியால் இன்னொரு ஒழுங்கும் அதோடு ஒட்டிக்கொண்டு வருது. விருந்தினர் எப்போதும் ஒற்றை வரிசையில், ரைஃபிள்களுக்குப் பின்னால். யாரும் விலகிப் போய்ப் படம் எடுக்கக் கூடாது. துணை வழிகாட்டி எங்கே நிற்கிறார் என்று முதலாமவருக்கு எப்போதும் தெரிய வேணும். ஆட்கள் எங்கே நிற்கினம் என்று தெரியாமல் பூட்டை விலக்கவே கூடாது என்று மகள் சொன்னாள்.

நான் எதிர்பாராத ஒரு நன்மையும் இருக்கு. ஈய ரவை உடம்புக்குள் துகளாகச் சிதறும். விட்டுப்போன குடலையும் எச்சத்தையும் தின்னுற பாறுக் கழுகுகளின் இரத்தத்தில் அந்த ஈயம் சேரும். தென் ஆப்பிரிக்கப் பகுதியில் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். அங்கே அதிகம் காணப்பட்ட வெண்முதுகுப் பாறு இப்போது அழிவின் விளிம்பில் என்று பட்டியல் இடப்பட்டிருக்கு. ஈயமே இல்லாத கடைந்தெடுத்த ரவையில் அந்தச் சிக்கல் இல்லை.

நாங்கள் என்ன முடிவெடுத்தோம்

பயிற்சி முடிகிற காலத்தில் மகளுக்கு முன்னால் இரண்டு வழி வந்தது. ஒன்று, ஒரு வேட்டை நிறுவனத்தில் கற்றுக்குட்டியாகச் சேருவது. சம்பளம் நல்லது. மற்றது, நடைப் பயணத்தில் துணை வழிகாட்டி. சம்பளம் குறைவு, ரைஃபிள் இரவலாகக் கிடைக்கும். சட்டப்படி அங்கே துவக்கு உரிமத்துக்குப் பொதுவாக 21 வயது ஆக வேணும். இன்னொரு வருடம் செலவுக்கு நாங்கள் கைகொடுக்கிறமா என்பதுதான் கேள்வி.

நான் பத்து நாள் போய் நின்றேன். சோதனையையும் தூரத்தில் நின்று பார்த்தேன். ஓடிவரும் மிருகத்தின் படம் கம்பியில் இழுபட்டு வருது. இலக்கில் இருந்து கண்ணை எடுக்காமல் கையால் தடவித் தோட்டா ஏற்ற வேணும். இடையில் பயிற்றுநர் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை அவளுக்குத் தெரியாமல் போட்டிருப்பார். ‘டிக்’ என்று சத்தம் வந்ததும் நிற்காமல் பூட்டை இழுத்து அடுத்ததை ஏற்ற வேணும். அவள் செய்தாள். என்ட கைதான் நடுங்கினது.

ஆனால் எனக்கு நம்பிக்கை தந்தது அது இல்லை. அதற்கு அடுத்த நாள் காலை நடையில், 40 மீற்றர் அளவில் ஒரு ஒற்றை ஆண் யானை எங்களைப் பார்த்துக் காதை விரித்தது. முன்னால் போன வழிகாட்டி கையைத் தூக்கினார். மகள் எங்களைத் திரும்பிப் பார்த்து எண்ணினாள், ஒவ்வொருவராக. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, பின்னால் ஒரு பெரிய மரத்துக்கு எங்களை மெதுவாக நடத்தினாள். ரைஃபிள் தோளுக்குப் போகவே இல்லை. யானை கொஞ்ச நேரம் நின்று, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. அன்று பின்னேரம் அந்தச் சந்திப்பைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். மிருகம் எங்களைக் காணும் முன் நாங்கள் விலகியிருக்க வேணும் என்பதுதான் அதில் இருந்த குறை. சுடாதது பாராட்டு இல்லை, அது வழமை.

இரவு அம்மா கேட்டார். “அது வந்திருந்தால் சுட்டிருப்பியோ?”

“ஓம் அம்மம்மா. ஒரு வெடியில் முடிய வேணும். அதுக்கும் வேதனை இருக்கக் கூடாது, ஆட்களுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அதுக்காகத்தான் எந்த ரவை என்று இவ்வளவு யோசிக்கிறது. அந்த நேரம் யோசிக்க ஏலாது.”

அம்மா மறுமொழி சொல்லவில்லை. அடுத்த நாள் என்னிடம் மட்டும் சொன்னார்: “எங்களைச் சுட்டவை ஒருத்தரும் இப்படி யோசிச்சிருக்க மாட்டினம்.”

வேட்டை நிறுவன வேலையை மகள் எடுக்கவில்லை. அதில் அவளுக்கு வெறுப்பு இல்லை. தனக்குச் சொல்லித்தந்தவர்களே வேட்டையில் இருந்து வந்தவர்கள் என்று சொல்லுவாள். தன்னால் அந்த வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான். நாங்கள் இரண்டாவது வருடத்துக்குச் சம்மதித்தோம்.

இப்படி உங்கட பிள்ளையும் காடு, கடல், பனிமலை, தீயணைப்பு என்று எங்கட குடும்பங்களில் இதுவரை யாரும் போகாத வேலை ஒன்றைப் பிடித்தால், “ஏன்?” என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்ட கேள்விகளில் பலன் தந்தவை இவை: உன்ட கையில் இருக்கிற கருவி என்ன செய்யும், என்ன செய்யாது? மோசமான கோணத்தில் என்ன நடக்கும்? உனக்குப் பின்னால் யார் நிற்கினம்? பாவிக்காமல் வருகிறதுக்கு என்ன வழி வைத்திருக்கிறாய்? தமிழில் சொல் வராவிட்டால் ஆங்கிலத்தில் சொல்லட்டும். அம்மம்மாவுக்கு விளங்கும்வரை சொல்ல விடுங்கள். எங்கட வீட்டில் அதுதான் கடினமான சோதனை.

மகள் போன மாதம் வேலையில் சேர்ந்தாள். அவளுக்குக் கொடுத்த ரைஃபிளோடு ஒரு பெட்டி, 20 தோட்டா. முதல் நாள் இரவே ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கிப் பார்த்து, மூக்குக் கொளுவின இரண்டைப் பயிற்சிக்கு என்று தனியாக எடுத்து வைத்தாளாம். மிச்சம் 18.